உள்ளே விடாத கணினி

மலேசியாவின் ஈப்போவில் காலை ஏழு மணிக்கும் இருட்டாகத்தான் இருக்கிறது. வந்து ஐந்து வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. அருப்புக்கோட்டையில் அந்நேரம் வெயில் முதுகில் ஏறியிருக்கும், பால்காரர் போயிருப்பார். இங்கே பிள்ளைகள் தெருவிளக்கு வெளிச்சத்தில் பள்ளிக்கூடப் பேருந்துக்கு நிற்கிறார்கள். கடிகாரம் ஒன்று சொல்கிறது, வானம் வேறொன்று சொல்கிறது. நான் கடிகாரத்தை நம்பி எழுந்து, குளித்து, வேலைக்குப் போய்விடுகிறேன்.

என்ன வேலை என்று ஊரில் கேட்பவர்களுக்கு விளங்கவைக்க முடிந்ததே இல்லை. ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனம். அதன் கணக்குப் பிரிவில் சிலர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். அவர்கள் உண்மையில் வேலை செய்வது தங்கள் கணினியில் அல்ல. எங்கோ இருக்கும் பெரிய சர்வருக்குள் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்திருக்கும் மெய்நிகர் கணினியில். வீட்டில் இருப்பது அதற்குள் நுழையும் வாசல் மட்டும்தான். வாசல் திறக்காதபோது என்னைக் கூப்பிடுவார்கள். "உடம்பே இல்லாத கணினிக்கு வைத்தியம் பாக்குறியாக்கும்" என்று மாமா ஒருமுறை கேலி செய்தார். அதைவிடச் சரியாக நானும் சொன்னதில்லை.

அடிக்கடி கூப்பிட்டவர் ஸ்டெல்லா அக்கா. பத்து காஜா என்ற ஊருக்கு அப்பால், பழைய ரப்பர்த் தோட்டத்து ஆட்களுக்காகக் கட்டிய தாமான் குடியிருப்பு வீடுகளில் ஒன்றில் இருக்கிறார். அவர் கணவர் அந்தோணி அண்ணன் லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஊட்டுவது முதல் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது வரை அக்காதான். அதற்காகத்தான் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வாங்கியிருந்தார்.

"தம்பி, இன்னிக்கும் உள்ள விடமாட்டுது லா" என்பார். கடவுச்சொல் சரி. இணையம் சரி. என் பக்கத்தில் பார்த்தால் அவருடைய மெய்நிகர் கணினி நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். பழைய நுழைவு எதுவும் மூடப்படாமல் தொங்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து அதையும் நீக்கிவிடுவேன். அப்போதும் விடாது. மறுநாள் தானாக விடும். அதற்கடுத்த நாள் மறுபடி விடாது. மணி, தேதி சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டேன். "சரியாத்தான் இருக்கு தம்பி, இப்பதான் பாத்தேன்" என்றார். நானும் அடுத்த காரணத்துக்குப் போய்விட்டேன்.

கடைசியில் மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: இந்த வாரத்துக்குள் சரியாகாவிட்டால் அக்கா திங்கள்கிழமையிலிருந்து ஈப்போ அலுவலகத்துக்கு வரட்டும். அக்கா என்னிடம் சத்தம் போடவில்லை. "நா அங்க வந்துட்டா இவர யாரு பாப்பா? கெர்ஜாவ, இந்த வேலையவே விட்டுட வேண்டியதுதான்" என்று மட்டும் சொன்னார். வெள்ளிக்கிழமை மதியம் நேரிலேயே போகலாம் என்று லகாட் வழியாக மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். ஒரு காலத்தில் ரப்பர் நின்ற மண்ணில் இப்போது செம்பனை நிற்கிறது.

அக்கா மைலோ கலக்கிக் கொடுத்தார். மாதா படத்துக்குக் கீழே மேசை, அதன்மேல் மடிக்கணினி, அதைப் பார்த்தபடி நாற்காலியில் அந்தோணி அண்ணன். "இந்த வருசம் அம்மாவப் பாக்க ஊருக்குப் போலயா தம்பி?" என்று அக்கா கேட்டார். "போகணுங்க்கா" என்று சொல்லிவிட்டுக் கணினியின் முன் உட்கார்ந்தேன்.

மதியம் மூன்று மணி தாண்டியிருந்தது. திரையின் மூலையில் காலை எட்டு மணி காட்டியது.

"அது யோசுவாவோட மணி" என்றார் அக்கா, இதிலென்ன இருக்கிறது என்பதைப் போல. யோசுவா அவர்களின் ஒரே மகன். டப்ளினில் வேலை. இந்த மடிக்கணினியும் அவன் விட்டுப்போனதுதான். "இவரு விடிஞ்சதுலேருந்து எழுந்துட்டானா, எழுந்துட்டானான்னு கேட்டுகிட்டே இருப்பாரு. தூங்குறான்னு சொன்னா நம்ப மாட்டாரு. மணியக் காட்டுனா பேசாம இருப்பாரு. அதான் மாத்தி வச்சேன். அது சில நாளு தானாவே பழைய மணிக்குப் போயிரும், நா திரும்ப மாத்திருவேன்."

மடிக்கணினியும் மெய்நிகர் கணினியும் ஒன்றையொன்று நம்புவதற்கு முன் மணியை ஒப்பிட்டுப் பார்க்கும். சில நிமிடங்களுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வந்திருப்பது திருடன் என்று கதவைச் சாத்திக்கொள்ளும். இதை அக்காவுக்கு விளக்கினேன். சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். எனக்கு வரவில்லை.

போன மழைக்காலத்தில் அம்மா இறந்தபோது என் பாஸ்போர்ட் வேலை பெர்மிட் புதுப்பிப்பதற்காக அலுவலகம் ஒன்றில் கிடந்தது. போக முடியவில்லை. சித்தப்பா மகன் செல்வம் அலைபேசியைப் பிடித்துக்கொள்ள, ஈப்போவில் என் அறைக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன். அம்மா முகத்தருகே வந்ததும் படம் நின்றுவிட்டது. "வைஃபைய ஆஃப் பண்ணிட்டு டேட்டாவுல போடு செல்வம்" என்றேன். வேலையில் என்னைக் கூப்பிடுபவர்களிடம் பேசும் அதே குரல். அவன் மறுபடி இணைத்தபோது தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். பந்தலும் செருப்புகளும்தான் தெரிந்தன. அன்று பிற்பகல் வேலைக்கு லாகின் செய்தேன். பிறகு அழலாம் என்று நினைத்திருந்தேன். இன்றுவரை அழவில்லை. துக்கம் வந்தால்கூடப் பரவாயில்லை, எதுவுமே வருவதில்லை. சம்பளம் கூடியபோதும் அப்படித்தான் இருந்தது.

மணியைத் திருத்தினேன். முதல் முயற்சியிலேயே கதவு திறந்தது. அக்கா சத்தமில்லாமல் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு மேலாளருக்குச் செய்தி அனுப்பினார். ஆனால் அந்தோணி அண்ணன் திரையின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையால் நாற்காலியைத் தட்டத் தொடங்கினார். "மகன்... மகன் எங்க?" தட்டல் நிற்கவில்லை. அக்காவின் கை மெதுவாக மணியை மாற்றப் போனது. இன்று நான் திருத்திவிட்டுப் போனாலும் நாளை காலை அவர் மாற்றத்தான் செய்வார் என்று புரிந்தது.

"அதத் தொடாதீங்கக்கா" என்றேன். உலகக் கடிகாரத்தைத் திறந்து, டப்ளினைச் சேர்த்து, எழுத்துகளைப் பெரிதாக்கித் திரையின் ஓரத்தில் நிற்கவைத்தேன். வேலை நடக்கும்; அதுவும் ஓடிக்கொண்டிருக்கும். அண்ணன் பார்த்தார். தட்டல் நின்றது. "எழுந்துட்டான்" என்றார். அக்கா அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "திங்கக்கெழம நா எங்கேயும் போவேணாம்" என்று அவரிடம் குனிந்து சொன்னார்.

நான் பையை எடுத்தேன். அண்ணன் இடது கையை என் பக்கம் நீட்டினார். "உங்க ஊரு?"

"தம்பி ஊரு மணியையும் போடச் சொல்றாரு. போடுங்க லா, எடம்தான் இருக்கே" என்றார் அக்கா.

அருப்புக்கோட்டை அதில் இல்லை. சென்னையைப் போட்டேன். அம்மா போன பிறகு அந்த மணியை நான் எங்கும் வைத்துக்கொண்டதில்லை. கூப்பிட ஆளில்லாத ஊருக்கு மணி எதற்கு. திரையில் மதியம் ஒரு மணி. அண்ணன் அதை வெகுநேரம் கூர்ந்து பார்த்தார்.

"அம்மா சாப்ட்ருப்பாங்க" என்றார்.

"ஆமாண்ணே, சாப்பிட்டுட்டு இந்நேரம் படுத்திருப்பாங்க" என்றேன்.

அவர் திருப்தியாகத் தலையாட்டினார். இப்போதும் அக்கா எப்போதாவது போன் செய்தால், பக்கத்திலிருந்து அண்ணன், தம்பியோட அம்மா எந்திரிச்சுட்டாங்களா என்று கேட்பது காதில் விழுகிறது. இந்தப் பூமியில் பத்து காஜாவில் அந்த ஒரு வீட்டில் மட்டும் என் அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறாள்.