மாளிகைமேட்டு அரண்மனை

செய்தி வந்தபோது காலை பத்தரை மணி. ஜானகி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வருகிறவர்களை மாளிகைமேட்டுக்கும் அழைத்துப்போகிற வழிகாட்டி, அவள் கணவர் வைத்திலிங்கம், அங்கேயே உயிரை விட்டுவிட்டாராம்.

சோழர் அரண்மனையில் இன்று மிஞ்சியிருப்பது செங்கல் அடித்தளம் மட்டும். வைத்திலிங்கமோ, இல்லாத நிலைவாசலில் எல்லோரையும் குனிந்து வரச் சொல்வார். நெட்டையான வெளியூர்க்காரர்களும் குனிவார்கள்.

"வெறும் செங்கல்லக் காட்ட ஒரு ஆளு, அதுக்கு வெள்ள வேட்டி வேறயா?" என்று ஜானகி கேலி செய்வாள்.

"ஒரு நாள் வந்து பாரு. ராணி மாதிரி கூட்டிட்டுப் போறேன்."

அவள் போனதேயில்லை.

மாலையில், அன்று அவர் அழைத்துப்போன சுற்றுலாக் குழுவிலிருந்து ஒரு பெண் துக்கம் கேட்க வந்தாள்.

"எதுவரைக்கும் காட்டினாருங்க?" என்று ஜானகி கேட்டாள்.

அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு வாசல், முற்றம், தூண்கள், சபா மண்டபம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எரியும் விளக்குகளைக்கூடச் சொன்னாள். ஜானகியும் கண்மூடி அவள் பின்னாலேயே நடந்தாள். குளிர்ந்த தரை பாதத்தில் பட்டது.

மாடிப்படியில் அந்தக் குரல் நின்றது. "இங்கதாங்க, செத்த உக்காந்துக்கறேன்னாரு."

மேல்மாடியை அவர் அந்தக் குழுவுக்குக் காட்டவில்லை.