பெரியப்பா நிலத்து மண்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி போகிற ரோட்டில் என் ஷெட்டில் நூற்றிருபது பேர் ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிறார்கள். பட்டம் வாங்கியவன் எனக்குச் சலாம் வைக்கிறான். சும்மாவா, போன மாசம் விவசாயிகளுக்கு மண்வள அட்டை கொடுக்கிற விழாவில் நடு நாற்காலியே எனக்குத்தான். முதல் அட்டையை ஒரு பெரியவர் கையில் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குமேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. பிரஷர் என்று பொய் சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டேன். காரணம் என் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது.

எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் நிலம் பாலாற்றை ஒட்டி, தோல் பதனிடுகிற டேனரியின் கழிவு ஓடும் கால்வாய்க்குக் கீழே இருந்தது. வெயில் ஏறினால் மண்மேல் உப்பு வெள்ளையாகப் பூத்துவிடும். பெரியப்பாவின் நிலம் மேட்டில், ஏரிப் பக்கம். எள்ளோ கேழ்வரகோ, போட்டது முளைக்கும். அவர் மகனும் நானும் ஒரே வகுப்பு.

"டேய், உங்க ஊட்ல கொழம்புக்கு உப்பே வாங்கத் தேவல. நெலத்துல வழிச்சிக்கினு போ" என்பான். மொத்த வகுப்பும் சிரிக்கும். யாருக்கும் நான் கம்மி இல்லை என்கிற வெறி எனக்கு அன்றைக்கே உண்டு. அந்த வெறிதான் என்னை முதலாளி ஆக்கியது என்று மேடைக்கு மேடை பேசுகிறேன். அது முதலில் செய்த காரியத்தை மட்டும் எங்கேயும் பேசியதில்லை.

அந்த வருஷம் சர்க்கார் ஜீப் ஒன்று ஊருக்குள் வந்தது. உப்பேறிய நிலத்துக்கு, உப்பை முறிக்கிற ஜிப்சம் மூட்டை இலவசம். கழிவுத் தண்ணீர் ஏறாமல் கரை போட்டுத் தருவார்கள். கரைமேல் நட புங்கங்கன்றும் உண்டு. ஆனால் யார் நிலத்தில் எவ்வளவு உப்பு என்று வேலூருக்கு மண்ணை அனுப்பிப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். இதையெல்லாம் மண் அதிகாரி அரசமரத்தடியில் விளக்கமாகச் சொன்னார். என் காதிலும் விழுந்தது. நான் ஜீப்பின் கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் காட்டிக்கொடுத்தபடியே அப்பா எட்டு இடத்தில் குழி வெட்டினார். மண்ணைக் கோணியில் கொட்டிக் கலந்து, நாலு பங்காகப் பிரித்து, எதிர் எதிர்ப் பங்கைத் தள்ளி, மறுபடி கலந்து, கடைசியில் இரண்டு கை மண்ணை வீட்டுக்குள் நிழலில் உலர வைத்தார். கோயில் பிரசாதத்தைக்கூட அவ்வளவு பத்திரமாக அவர் வைத்து நான் பார்த்ததில்லை. அப்பாவுக்கு எழுத்து தெரியாது. துணிப்பைக்குள் போடும் சீட்டில் அவர் பேரையும் சர்வே நம்பரையும் நான்தான் எழுதினேன். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வரும் ஜீப்பில் பையைச் சேர்க்கும் வேலையும் எனக்குத்தான்.

போகிற வழியில் பையைப் பிரித்துப் பார்த்தேன். சாம்பல் மாதிரி இருந்தது. ஊரில் எல்லார் பையையும்போலப் பெரியப்பா பையும் இதே ஜீப்பில்தான் போகும். வேலூரில் படித்தவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொட்டி, அப்பா பேரைப் படித்துச் சிரிப்பார்கள் என்று நினைத்தபோதே எனக்குக் காது சுட்டது. எங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால் அம்மா பாயைத் திருப்பி, கிழிசல் சுவர்ப் பக்கம் போகும்படிதான் போடுவார். அதே நியாயம்தான் எனக்கும் தோன்றியது. எங்கள் மண்ணை வேலிக்குள் கொட்டினேன். வழியில் இருந்த பெரியப்பா நிலத்தில் புகுந்து, நல்ல கறுப்பு மண்ணாகப் பார்த்துப் பையை நிரப்பினேன். அப்பா பேர் எழுதிய சீட்டை அப்படியே அதன்மேல் வைத்தேன்.

இரண்டு மாசம் கழித்து அட்டை வந்தது. அதிகாரி எங்கள் வரப்பிலேயே நின்று படித்தார்.

"மண்ணு நல்லா இருக்குன்னு வந்திருக்கு. உப்பு ரொம்ப கம்மி. லிஸ்ட்ல உங்க பேர் வராது." படித்துவிட்டுக் குனிந்து தரையைப் பார்த்தார். "கண்ணால பார்த்தா அப்படித் தெரியலையே. எதுக்கும் இன்னொரு தடவை மண்ணு எடுத்துக் குடுங்க, அனுப்பிப் பார்க்கலாம்."

நான் அப்பா முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அப்பாவோ சிரித்தார். "வேணாம் சார். சர்க்கார் மிஷினு பாத்து சொல்லிட்ச்சி. என் கண்ணு இன்னா அதவிட பெரிய கண்ணா?" அட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "நம்ம பூமி திரும்பிட்சி. எழுதியே குடுத்துட்டாங்க" என்றார். உப்புக்குப் பயந்து மூன்று வருஷமாக விதைக்காத மூலைகூட விடாமல் உழுதார். விதைக்கென்று வைத்திருந்த வேர்க்கடலை அத்தனையும் போட்டார்.

முளைத்தது. அதுதான் கொடுமை. ஒரு சாண் உயரம் வந்ததும் இலை ஓரம் கருகி, செடி செடியாகப் படுத்துவிட்டது. அக்கம்பக்கத்து உப்பு நிலங்களுக்கெல்லாம் ஜிப்சம் வந்து, கரை எழும்பி, கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "இன்னாடா இது, நல்ல மண்ண வெச்சிக்கினு இப்டி பண்ணிட்ட?" என்றார்.

அப்பா தன் உள்ளங்கை இரண்டையும் விரித்துப் பார்த்தார். "மண்ணு நல்ல மண்ணுதாண்ணா. என் கைதான் ராசி கெட்ட கை."

அடுத்த வருஷமே அப்பா அதே டேனரியில் தோல் ஊறப்போடுகிற சுண்ணாம்புக் குழி வேலைக்குப் போனார். அதன்பிறகு அவர் ஒரு விதைகூடத் தன் கையால் போட்டதில்லை. வீட்டு வாசலில் அம்மா அவரைக்கொட்டை போடச் சொன்னால், "நீ போடு" என்பார். என் ஷெட்டுக்குப் பூமி பூஜை போட்டபோது முதல் கல்லை எடுத்து வைக்கச் சொல்லி, ஊர் முன்னால் அவரைக் கூப்பிட்டேன். கையைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு, "நல்ல கையா பாத்து வெக்கச் சொல்லுப்பா" என்று பின்னால் போய் நின்றுகொண்டார். அப்போதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால், இத்தனை பேர் நடுவில் என் மானம் என்ன ஆவது? நாலு வருஷம் முன்னால் அப்பா போய்ச் சேர்ந்தார். தன் கை கெட்டது என்று நம்பியே போனார்.

அன்றைக்கு அந்தக் கருகிய கடலைக் கொல்லையில், பெரியப்பா போனபின் நானும் அப்பாவும்தான் நின்றோம். அவர் என்னை எதுவும் கேட்கவில்லை, சந்தேகமாகக்கூடப் பார்க்கவில்லை. பத்து வயதில் எனக்குப் புரிந்ததெல்லாம் ஒன்றுதான்: அடி விழாது, தப்பித்தோம். ஒரே ஓட்டமாக ஓடிப்போய் ஆற்று மணலில் கோலி ஆடினேன். அன்றைக்கு எல்லா ஆட்டமும் எனக்குத்தான் ஜெயம்.