எரியாத சிவப்பு விளக்கு

மின்சாரத் திருட்டைப் பிடிக்கும் பிரிவில் வேலை பார்த்த அந்தப் பெண்ணுக்கு மீட்டரம்மா என்று பேர் வைத்ததே அவளிடம் மாட்டிக்கொண்டவர்கள்தான். ஒரு வீட்டு வாசலில் கால் வைத்தால் அவள் ஆளைப் பார்க்க மாட்டாள், மீட்டரைத்தான் பார்ப்பாள். அதில் தொங்கும் ஈய முத்திரை கொஞ்சம் அதிகமாகப் பளபளத்தால் போதும், அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். "உட்காருங்க, குடிக்க ஏதாவது கொண்டுவரட்டுமா" என்று விழுந்து விழுந்து உபசரிக்கிற வீடு என்றால் இன்னும் கூர்ந்து பார்ப்பாள்.

இந்தக் குணம் அலுவலக வாசலோடு நிற்கவில்லை. சர்க்கரை டப்பா இடம் மாறியிருந்தாலும் வீட்டில் விசாரணை நடக்கும். கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். நாள் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுப் பழகிய காது அவருக்கு. "விசாரணை முடிஞ்சுதா, சாப்பிடலாமா?" என்று கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

அவளிடம் சொந்தமாக ஒரு பிலிம் கேமரா இருந்தது. அதன் கண்ணாடித் துளை வழியே பார்த்தால் எதிரே இருப்பது இரண்டு பிம்பமாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் படம் துல்லியமாக விழும். அதே துளைக்குள் ஓரத்தில் கடுகு போல இரண்டு விளக்குகள் இருந்தன. பொத்தானைப் பாதி அழுத்தும்போது வெளிச்சம் போதாவிட்டால் மஞ்சள் எரியும், வெளிச்சம் அளவுக்கு மிஞ்சினால் சிவப்பு எரியும். இரண்டும் எரியாவிட்டால் எல்லாம் சரி, தைரியமாகப் படம் எடுக்கலாம். எத்தனையோ திருட்டை அவள் அந்தக் கேமராவை வைத்துத்தான் நிரூபித்திருக்கிறாள்.

ஐஸ் தொழிற்சாலைச் சோதனைக்கும் அதைத்தான் எடுத்துப் போனாள். மீட்டர் அறை கும்மிருட்டு. வெளிச்சம் நிறைய உள்ளே வரட்டும் என்று லென்ஸின் வாயை முழுசாகத் திறந்து வைத்து மீட்டரைப் படம் எடுத்தாள். முத்திரை எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. திருட்டு அங்கே இல்லை. பின்சுவரில், மீட்டருக்கு வராமலே கம்பத்திலிருந்து நேராக இயந்திரத்துக்குப் போகும் ஒரு ஒயரை வெள்ளையடித்து மறைத்திருந்தார்கள். உச்சி வெயில் அந்தச் சுவரில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவசரத்தில் லென்ஸின் வாயைக் குறுக்க மறந்துவிட்டாள். ஆனாலும் துளைக்குள் ஒரு பார்வை பார்த்தாள். எந்த விளக்கும் எரியவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஸ்டூடியோவிலிருந்து படங்கள் வந்தபோது, மீட்டர் மட்டும் அழகாக விழுந்திருந்தது. பின்சுவர் எடுத்ததெல்லாம் வெளிச்சம் மிஞ்சி வெறும் வெள்ளை. மறுபடி ஓடிப் போய்ப் பார்த்தாள். ஒயர் இருந்த இடத்தில் புதுச் சுண்ணாம்புதான் இருந்தது. தொழிற்சாலை முதலாளி சிரித்த முகமாக நின்றார். மேலதிகாரி படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, இதை வைத்துக்கொண்டு யாரிடம் என்ன பேசுவது என்று கேட்டார். அவளுக்குத் தலை நிமிரவில்லை.

சிவப்பு விளக்கு ஏன் எரியவில்லை? மற்றவர்களாக இருந்தால் கேமரா கெட்டுவிட்டது என்று விட்டிருப்பார்கள். அவள் மனதில் கொழுந்தன் வந்து நின்றான்.

கணவரின் தம்பி அவர்கள் வீட்டுப் பின்னறையில்தான் தங்கியிருந்தான். வேலை, அதே ஐஸ் தொழிற்சாலையில், குளிர் இயந்திரம் பழுது பார்ப்பது. ஒயரும் ஸ்குரூவும் அவனுக்குக் கைப்பழக்கம். போதாக்குறைக்கு, சோதனைக்குக் கொஞ்ச நாள் முன்னால் கேமராவைக் கையில் எடுத்துத் துளையில் கண்ணை வைத்து, "அண்ணி, இந்தக் குட்டி லைட்டெல்லாம் எதுக்கு?" என்று கேட்டிருந்தான். அவளும் வெள்ளந்தியாக எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லியிருந்தாள். இப்போது கேமராவைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பேட்டரி மூடியில் புதுக் கீறல் வேறு. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. கேமராவை பீரோவில் பூட்டிச் சாவியைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அவன் கூடத்துக்குள் வந்தால் பேச்சை நிறுத்தினாள். அவன் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்த அன்று, அதைத் திருப்பி அடிப்பக்கம் வரை பார்த்தாள். அவனும் முட்டாள் இல்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டான், தட்டைத் தானே கழுவி வைத்தான். அதையும் அவள் ஒரு கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

ஒரு மதியம் அவனுக்குச் சோறு போடும்போது, வாய் சும்மா இருக்கவில்லை.

"உப்பு போட்டவங்களுக்கு விசுவாசமா இருக்கணும் தம்பி. ஆனா எந்த வீட்டு உப்புன்னு முதல்ல முடிவு பண்ணிக்கணும்."

அவன் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவினான். பொழுது சாய்வதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலைப் பின்புறத்தில் ஆட்கள் தங்கும் அறைக்குப் போய்விட்டான். தப்பு செய்யாதவன் ஏன் ஓட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. விசாரணை முடிஞ்சுதா என்று கணவர் அன்று கேட்கவில்லை. சாப்பிடலாமா என்றும் கேட்கவில்லை. அடுத்து வந்த நாட்களிலும் கேட்கவில்லை.

விடுமுறை நாள் காலையில் அவள் கேமராவை எடுத்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்தாள். சரி பண்ணுவதற்கு என்று சொல்லிக்கொண்டாலும், உள்ளே ஒரு வெட்டிய ஒயர் கிடைக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அதைக் கணவரின் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும்.

முதலில் பேட்டரியைச் சோதித்தாள். நல்ல உயிரோடு இருந்தது. கையால் லென்ஸைப் பொத்திப் பொத்தானைப் பாதி அழுத்தினாள். மஞ்சள் எரிந்தது. கையை எடுத்ததும் அணைந்தது. அப்படியானால் வெளிச்சத்தை அளக்கும் கண் ஒழுங்காக வேலை செய்கிறது. லென்ஸின் வாயை முழுசாகத் திறந்து வெயிலுக்கு நேரே பிடித்தாள். சிவப்பு எரியவில்லை. ஆக, கோளாறு சிவப்பு விளக்கில் இருக்க வேண்டும், அல்லது அதற்குப் போகிற ஒயரில். மேல்மூடியைக் கழற்றி, டெஸ்டரின் முனைகளை நேராக விளக்கில் வைத்தாள். பளிச்சென்று எரிந்தது. மிச்சம் அந்த ஒரு ஒயர்தான்.

இடுக்கியால் ஒயரை மெல்லத் தூக்கினாள். அது கையோடு உதிர்ந்து வந்தது. உறைக்குள்ளே செம்பு முழுக்கப் பச்சை பூத்து, பொடிப்பொடியாக இருந்தது. பச்சை கீழே பேட்டரி இருக்கும் இடத்திலிருந்து கிளம்பி மெல்ல ஏறி வந்திருந்தது. எப்போதோ ஒரு பழைய பேட்டரி கசிந்த வேலை. வெட்டிய செம்பு எப்படி மின்னும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதை எவரும் வெட்டவில்லை. இப்படிப் பூக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். கொழுந்தன் அந்த வீட்டுக்கு வந்தே ஒரு வருஷம் முடியவில்லை.

அப்போது அவளுக்கு வந்தது நிம்மதி இல்லை, ஏமாற்றம்தான். கேமராவைத் திருப்பிக் கீறலைப் பார்த்தாள். "இது மட்டும் யார் செஞ்சது?" என்றாள்.

கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். "மூடி லூசா ஆடுச்சு. நான்தான் சில்லறைக் காசு வச்சு முடுக்கினேன்."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீ கேட்டியா?"

இரண்டு மாதமாகச் சேர்த்துவைத்த சாட்சியமெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன்னே வந்தது. புதுச் செருப்பு, கழுவி வைத்த தட்டு, குறைந்துபோன பேச்சு. எல்லாம் அவளே உண்டாக்கியவை. அடுப்பங்கரைக்குப் போய் முகம் கழுவினாள், இரண்டு தடவை கழுவினாள். உதிர்ந்த ஒயரைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கொழுந்தன் அந்த அறை வாசலில் சட்டை துவைத்துக்கொண்டிருந்தான். அண்ணியைக் கண்டதும் எழுந்து, ஈரக் கையோடு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. "கேமராவுல சிவப்பு லைட்டு எரியல, அதோட ஒயர்" என்று காகிதத்தைப் பிரித்து நீட்டினாள். அவன் தொட்டுப் பார்த்தான், பச்சைப் பொடி விரலில் ஒட்டியது. பழுது பார்க்கிறவன் அல்லவா, பார்த்த மாத்திரத்திலேயே விளங்கிவிட்டது. தன்னைப் பற்றி அவள் என்ன நினைத்தாள் என்பதும் அப்போதுதான் முழுசாக விளங்கியது.

"இதுக்குத்தானா அண்ணி?"

"இதுக்குத்தான். தப்பு என்மேல, தம்பி. வீட்டுக்கு வா."

அவன் சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டான். பிறகுதான் திரும்பினான்.

"ஒயரைப் பாத்ததால இப்ப என்னை நம்புறீங்க. நாளைக்கு வேற ஏதாவது எரியலன்னா?"

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "சந்தேகம் வரத்தான் செய்யும். என் புத்தி அப்படி. ஆனா மனசுல வச்சுக்காம நேரா உன்கிட்ட கேப்பேன்."

அவன் உடனே கிளம்பவில்லை. கோபம் போக நாளாகும் என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தான். அவள் புது ஒயரைத் தானே பற்றவைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. ஐஸ் தொழிற்சாலை வழக்கு மட்டும் போனது போனதுதான். மேலதிகாரியிடம் போய், கேமரா பழுதுதான், ஆனால் லென்ஸின் வாயைக் குறுக்க மறந்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டு வந்தாள்.

கொழுந்தன் விடுமுறை நாட்களில் சாப்பிட வரத் தொடங்கினான். மழைக்காலம் வந்து அந்த அறை ஒழுக ஆரம்பித்தபோதுதான் பெட்டியோடு திரும்பினான். மன்னித்துவிட்டு வந்தானா, ஒழுகலுக்குப் பயந்து வந்தானா என்று அவளுக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. வாக்குக் கொடுத்தபடி ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"ரெண்டும்தான் அண்ணி," என்று சொல்லிவிட்டு அவன் குழம்பை ஊற்றிக்கொண்டான்.