மூன்றாவது தாழ்ப்பாள்

தொலைக்காட்சித் தொடர்களில் பதினெட்டு வருஷம் அழுதவள் அவள். கடைக்குப் போனால்கூட யாராவது கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மாமியார் இப்படிப் பண்ணலாமா?" என்று கேட்பார்கள். வீட்டில் அவளுக்குக் 'குழாய்' என்று பெயர். திருகினால் போதும், கொட்டும்.

நாற்பத்து நான்காவது வயதில் குழாய் அடைத்துக்கொண்டது. படப்பிடிப்பில், செத்துக் கிடந்த 'கணவனின்' பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கண் வறண்டே இருந்தது. கிளிசரின் விட்டார்கள். எரிந்ததே தவிர ஒரு சொட்டு வரவில்லை. அடுத்த வாரமே அவளுடைய பாத்திரத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதோடு சரி.

சும்மா இருக்கப் பிடிக்காமல் எழுத உட்கார்ந்தாள். நாலு மாதத்தில் ஒரு நாடகம் தேறியது. கதவுக்கு மூன்று தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனியாக வாழும் ஒருத்தியின் கதை. ஒரு சின்ன நாடகக் குழு அதைப் போட ஒப்புக்கொண்டு, "நீங்களே இயக்குங்க" என்றும் சொன்னபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. அந்த ஒருத்தி அவளுடைய அக்கா. அடித்த புருஷனை விட்டு வந்து, பன்னிரண்டு வருஷமாக இரண்டு தெரு தள்ளி இருப்பவள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

மூடிக் கிடந்த அச்சகம் ஒன்றில் ஒத்திகை நடந்தது. வெளிக்கதவு கிரீச்சிட்டால் போதும், அக்காதான் தெரிந்து வந்துவிட்டாளோ என்று அவளுக்குத் திக்கென்றிருக்கும். மூன்றாம் நாள், நாயகியாக நடித்த பெண் பாதியில் நின்றாள்.

"மேடம், மூணாவது தாழ்ப்பாளைப் போடும்போது இவ மனசுல என்ன இருக்கு?"

"பயம்தான்."

"முதல் ரெண்டுக்கும் அதே பயத்தைத்தானே காட்டினேன்?"

இத்தனை வருஷமும் அழு என்று சொன்னவர்கள் வேறு யாரோ. இப்போது அவள் சொல்லட்டும் என்று ஆறு பேர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நாளைக்குச் சொல்றேன்" என்று ஒத்திகையை முடித்தாள்.

மறுநாள் காலை கையெழுத்துப் பிரதியோடு அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள். தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்டது. ஓடிவிடலாமா என்றிருந்தது. அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கம்வரை படித்தாள்.

"இது நான்தானே?"

"ஆமாக்கா."

"எங்கிட்ட கேக்கணும்னு தோணலையா?"

"வேணாம்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சு."

"சொல்லித்தான் இருப்பேன்." அக்கா பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். "ஆனா இங்க தப்பா எழுதியிருக்கே. மேல இருக்கிற ரெண்டும் அவர் உள்ள வந்துடக்கூடாதுன்னு போட்டது. கீழ இருக்கிறது எனக்கு. போன்ல அவர் அழுதா நான் கிளம்பிப் போயிடுவேன். குனிஞ்சு அதைத் திறக்கறதுக்குள்ள புத்தி வந்துடும்."

"இப்பவுமாக்கா?"

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு, "எழுதிக்கோ. ஆனா அவர் காதுக்குப் போச்சுன்னா என்ன பண்ணுவே?" என்று கேட்டாள்.

தங்கை அதை யோசிக்கவே இல்லை. நாயகியின் வேலையை மாற்றினாள், வயதை மாற்றினாள், புருஷனின் வாய்ப்பேச்சை மாற்றினாள். அப்படியும் பயம் போகவில்லை. முதல் காட்சியன்று மேடையோரம் நின்றவள் நாடகத்தைப் பார்க்கவேயில்லை. அரங்கத்துக்குள் நுழைந்த ஒவ்வோர் ஆணின் முகத்தையும் பார்த்தாள். தாமதமாக வந்த ஒருவர் இருட்டில் இருக்கை தேடியபோது எட்டி எட்டிப் பார்த்தாள். வந்தவர் வேறு யாரோ.

பதினோரு காட்சிகள் நடந்தன. அக்காவின் புருஷன் ஒன்றுக்கும் வரவில்லை. ஏழாவது காட்சிக்கு அக்கா வந்து, வாசலை ஒட்டிய இருக்கையில் உட்கார்ந்து, நாடகம் முடிந்து விளக்கு எரியும் முன் போய்விட்டாள். மறுநாள் போனில், "அந்தப் பொண்ணு நல்லா குனியறா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இரண்டாவது நாடகத்தின் முதல் பக்கத்தை எழுதியதுமே தங்கை அதை அக்காவிடம் கொண்டுபோனாள். அக்கா படித்து நிமிரும்வரை உட்கார முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.