இறக்கி வைத்த எடை

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லாரிகளுக்கு எடை போடுபவன் நான். எடையைக் குறைத்துக் காட்ட ஸ்டெப்னி டயரை இறக்கி வைக்கும் டிரைவர்களைத் திட்டித் தீர்ப்பேன்.

டாக்டர் எனக்கு எடை குறைப்பு ஆபரேஷன் எழுதினார். ஆஸ்பத்திரியில் எடை பார்ப்பார்களே என்ற வெட்கத்தில் ஒரு வாரம் வெறும் கஞ்சி குடித்தேன்.

இன்சூரன்ஸ் மேசையிலிருந்த பெண் உதட்டைப் பிதுக்கினாள். "இன்னாண்ணே, ஆபரேஷனுக்குப் பணம் தர்ற எடை வரம்புக்குக் கீழ வந்துட்டீங்களே! சுகர் எதுனா கீதா?"

"இல்லன்னு சொல்லுய்யா, பணம் தரமாட்டாங்க," என்று கூட வந்த மனைவி என் காதில் கிசுகிசுத்தாள். நான் மேசைப் பக்கம் குனிந்தேன்.

"கீதும்மா."

"அத சொல்லுங்க! சுகர் இருந்தா வரம்பு கம்மி. எழுதி அனுப்புறேன்."

அனுமதி இன்னும் வரவில்லை. நொடிக்கொரு தரம் போனைப் பார்க்கிறேன். நேற்று ஒரு டிரைவர் ஸ்டெப்னியை இறக்கினார். திட்ட வாய் வரவில்லை.

"டயர ஏத்திக்கினு வா நைனா," என்றேன்.