தண்ணீர் கேட்காத செடி

அடுத்த வீட்டு டீச்சர் பெங்களூருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு மண்தொட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மகளுக்கு இரண்டாவது பிரசவம். கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால்தான் திரும்புவார். தொட்டியில் இருந்தது ரோஸ்மேரி. ஊசி ஊசியாய் இலை, தொட்டால் மணம் கையோடு வந்துவிடும். டீச்சரின் கணவர் வைத்த செடி அது. நாங்கள் அவரைச் சார் என்போம். அவர் இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

"எம்மா, இதுக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம். மண்ணுல வெரல விட்டுப் பாருங்க, நல்லா காஞ்சிருந்தா மட்டும் கொஞ்சம் ஊத்துங்க. அவுக வச்சதுல இது ஒண்ணுதான் மிச்சம்" என்றார்.

சார் இருந்தபோது கிறிஸ்துமஸ் சமையல் அவருடையது. அவர்கள் வீட்டுக் கோழியில் ஒரு கொத்து ரோஸ்மேரி விழும். நாங்கள் சைவம் என்பதால் அதே இலையைப் போட்டு எங்களுக்கு உருளைக்கிழங்கு வறுத்து ஒரு தட்டில் அனுப்புவார். என் கணவர் ஒரு துண்டு மிச்சம் வைக்க மாட்டார். நான் மட்டும் வாயில் வைத்ததில்லை. எந்தச் சட்டியில் செய்தார்களோ என்று ஒரு சந்தேகம். வாய்விட்டுக் கேட்கவும் மாட்டேன். "ரொம்ப நல்லாயிருந்தது சார்" என்று மறுநாள் கூசாமல் சொல்வேன். சார் போனபின் வந்த கிறிஸ்துமஸுக்கு அந்தத் தட்டு வரவில்லை.

டீச்சர் என்னைச் சும்மா இருக்கத்தான் சொன்னார். தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்த எனக்கு அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. காலையில் குளித்ததும் துளசிக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றாமல் நான் காப்பி குடித்ததில்லை. இறந்தவர் வைத்த செடி மரியாதையான இடத்தில் இருக்கட்டும் என்று ரோஸ்மேரியைத் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். துளசிக்கு ஊற்றிவிட்டு அதற்கு ஊற்றாமல் நகர்வது, பந்தியில் ஒரு இலையை மட்டும் விட்டுவிட்டுச் சோறு போடுவதுபோல இருந்தது. அரைச் செம்புதானே என்று ஊற்றினேன். அரிசி கழுவிய தண்ணீரும் அதற்கே போனது.

புரட்டாசியில் அடி இலைகள் மஞ்சளாகி, பிறகு கறுத்தன. வெயில் தாங்கவில்லைபோல என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, நீ செடி வளக்கியா, நாத்து பாவுதியா?" என்றார். சுருக்கென்றது. அந்தக் கோபத்தில்தான் கத்திரியை எடுத்தேன். கறிவேப்பிலை ஒடிக்க ஒடிக்கத் தழைக்கும், மருதாணியும் அப்படித்தான். இதுவும் செடிதானே என்று, இலையில்லாத கட்டைவரை ஒட்ட வெட்டினேன். ஓரத்தில் இரண்டு கிளைகள் மட்டும் தப்பின. வெட்டியதில் பச்சையாக இருந்ததைத் தூக்கிப்போட மனமில்லாமல் கட்டி, அடுப்படி ஜன்னலில் தொங்கவிட்டேன்.

பதினைந்து நாள் ஆகியும் ஒரு துளிர் இல்லை. நகத்தால் கட்டையைக் கீறிப் பார்த்தேன். உள்ளே பழுப்பு. டீச்சர் போனில் பேரப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கடைசியில், "செடி எப்படி இருக்கு?" என்பார். "இருக்கு டீச்சர்" என்பேன்.

தொட்டியை ஆட்டோவில் வைத்து நர்சரி அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் ஏரல்காரர், வாழை போட்ட குடும்பம். மண்ணைக் கிளறி முகர்ந்து முகம் சுளித்தார்.

"வேரு அழுகிட்டு. வாழைக்குப் பாய்ச்சுத மாதிரில்லா பாய்ச்சியிருக்கிய! இதக் கட்டையில வெட்டுனா துளிர்க்காதும்மா, பச்சைத் தண்டுலதான் வெட்டணும். இந்த ரெண்டு கிளையில வெரல் நீளத்துக்கு நுனியக் கிள்ளுங்க. அடி இலைய உருவிட்டு மணல்ல நட்டு வைங்க. பைய வேர் விடும்."

ஐந்து குச்சி நட்டேன். ஐப்பசி மழை படாமல் தாழ்வாரத்தில் வைத்துக் காத்தேன். செம்பை அந்தப் பக்கமே கொண்டுபோகவில்லை. நான்கு கறுத்துவிட்டன. ஒன்று நின்றது. கார்த்திகை நடுவில் அதன் நுனியில் புதிதாக இரண்டு இலை. பெரிய செடி அதற்குள் விறகாகியிருந்தது.

டீச்சர் வரும் நாள் நெருங்கியதும், "புதுசா ஒண்ணு வாங்கி வச்சிருவோமா? அவங்களுக்குத் தெரியவா போகுது?" என்றார் என் கணவர். எனக்கும் அந்த ஆசை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. கடைசியில் அந்தக் குச்சித் தொட்டியையும் ஜன்னலில் காய்ந்த கொத்தையும் எடுத்துக்கொண்டு போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி அழுதேன். டீச்சர் குட்டிச் செடியைப் பார்க்கவேயில்லை. காய்ந்த கிளை ஒன்றை உள்ளங்கையில் கசக்கி முகர்ந்தார். "பொறவு பேசுவோம்மா" என்று உள்ளே போய்விட்டார். இரண்டையும் அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அதன்பிறகு பத்து நாளுக்கு மேல் பேச்சில்லை. நானும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

கிறிஸ்துமஸ் மதியம் கதவைத் தட்டினார். கையில் துணி சுற்றிய இரும்புச் சட்டி. நிறைய உருளைக்கிழங்கு, மேலே காய்ந்த ஊசி இலைகள்.

"நீங்க காய வச்சதுதான். மணம் போகல. குட்டியும் இன்னும் ரெண்டு இலை விட்டிருக்கு" என்றார்.

மாற்றிக்கொள்ளத் தட்டு எடுக்கத் திரும்பினேன்.

"சட்டிய நீங்களே வச்சுக்கிடுங்க. ஒங்க வீட்டுக்குன்னு அவுக தனியா வாங்குனது. இதுல கறி, முட்டை எதையும் படவிட மாட்டாக. கழுவக்கூட என்னய விட்டதில்ல."

நான் தட்டு எடுக்கவில்லை. வாசலில் நின்றபடியே, டீச்சர் பார்த்துக்கொண்டிருக்க, சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன்.