கமலாத்தாளின் போல்ட் அடுப்பு

எருத்தேன்பதி கமலாத்தாள் வீட்டில் சோறு குழையும், குழம்பு அடிபிடிக்கும். ஆனால் கஞ்சிக்கோட்டுப் பக்கம் போல்ட் கம்பெனியில் பதினோரு வருஷமாக அவள் வேக வைத்த போல்ட்டில் ஒன்றுகூட உடைந்து திரும்பி வந்ததில்லை.

போல்ட்டை எதற்கு வேக வைப்பது? துருப்போக ஆசிட் தொட்டியில் முக்கி, மேலே துத்தநாகம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்துகொள்ளும். சாதா இரும்பு தாங்கும். பலமான எஃகுக்குத்தான் அது ஆகாது. முறுக்கி வைத்த இரண்டு மூன்று நாளில், யாரும் தொடாமலே தலை தெறிக்கும். அதனால் பூசிய கையோடு இருநூறு டிகிரி அடுப்பில் எட்டு மணி நேரம்.

அந்த அடுப்புக்குத்தான் கல்பாத்தி இன்ஜினியர் ஹரிநாராயணன் உலை வைத்தார்.

"கமலாத்தா, இனிமே அடுப்பு வேண்டாமாக்கும். புது எஃகு வந்திருக்கு. உள்ளே பொடிப்பொடியா வனேடியம் கார்பைடு. அது ஹைட்ரஜனைப் பிடிச்சு உக்கார வெச்சுடும். ஓடித் திரியறதுதான் உபத்திரவம், உக்காந்தது ஒண்ணும் பண்ணாது."

"கல்யாண ஊட்டுல சேர் போடறாப்லீங்களா?"

"அதேதான்."

"அப்ப நானு?"

"ஆசிட் தொட்டிக்குப் போயிடுங்கோ."

அவளுக்கு அந்தத் தொட்டி ஆகாது. முன்னே ஒரு வாரம் அங்கே நின்றதில் இரண்டு சேலை சல்லடையாகிவிட்டது. கண்ணெரிச்சல் வேறு.

ஹரிநாராயணன் சோதனை வைத்தார். தானே வாட்சைப் பார்த்து, புது போல்ட் பத்தை ஆசிட்டில் சரியாகப் பத்து நிமிஷம் முக்கி, பூசி, வேக வைக்காமல் இரும்புப் பலகையில் முறுக்கினார். நாலு நாளாகியும் அசையவில்லை.

"உடைஞ்சு தொலையேன், எருமை" என்று கமலாத்தாள் போல்ட்டைத் திட்டிப் பார்த்தாள். அது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐந்தாம் நாள்தான் அவள் கண்ணில் ஜோமோன் பட்டான். சூரியநெல்லிக்காரன், தொட்டி வேலை. கூடையை ஆசிட்டில் இறக்கிவிட்டு டீக்குப் போனான். டீ முடிந்து பழம்பொரி. பழம்பொரி முடிந்து பெண்டாட்டி பின்சிக்குப் போன். முக்கால் மணி ஆயிற்று.

"ஏண்டா, பத்து நிமிசந்தான முக்கோணும்?"

"டீ கொதிக்கிதுக்கா. ஊதித்தான குடிக்கணும்?"

கமலாத்தாள் நேரே இன்ஜினியர் முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க சார், நூறு சேர் போட்ட கல்யாணத்துக்கு நானூறு பேரு வந்தா, மிச்ச முந்நூறு பேரு எங்கீங்க போவான்? சமையக்கட்டுல பூந்து எதையாச்சும் ஒடைப்பான். தொட்டியில கெடக்கக் கெடக்க அது உள்ள பூந்துட்டேதான இருக்கும்? உங்க வாட்சு கணக்கு இங்க ஆகாதுங்க. ஜோமோன் டீ குடிச்சு முடிக்கற வரைக்கும் முக்கிப் பாருங்க."

அவர் சிரித்தார். இருந்தாலும் அப்படியே முக்கி, முறுக்கி வைத்தார். கமலாத்தாள் மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம், திறந்த தயிர்சாத டப்பாவும் கையுமாக வந்தவர் சாக்கைத் தூக்கினார்.

"பாத்தேளா? ஒண்ணுமே..."

டக்! ஒரு போல்ட் தலை பறந்து தயிர்சாதத்தில் சொத்தென்று விழுந்தது.

"சார், உப்புப் போதுமுங்களா?" என்றாள் கமலாத்தாள்.

அவர் கண்ணாடியில் தெறித்த தயிரைத் துடைத்தார். "ஒண்ணு அடுப்பு இருக்கணும். இல்லேன்னா எல்லாருக்கும் டீ நேரம் கட்..."

"அடுப்பு! அடுப்பு!" ஷெட்டே அலறியது. எல்லோரையும்விட ஜோமோன் குரல்தான் பெரிசு.

"கத்துனது போதும், தள்ளுங்க. போல்ட்டுத் தட்டு உள்ள போவோணும்" என்று கமலாத்தாள் அடுப்புக் கதவைத் திறந்தாள்.